படகின் அடியில் சிவப்பு

அத்தியாயம் ஐந்து

"தொடாத தம்பி! இன்னும் காயல!"

சோலைமலை கத்தி முடிப்பதற்குள் ஸஃப்வான் தொட்டுவிட்டான். அவன் ராசி அப்படி. தொடாதே என்று யாராவது சொன்னால் போதும், கை தானாக நீளும். கவிழ்த்துப் போட்டிருந்த படகின் அடிப்பக்கத்தில் வைத்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். முழுக்கச் செங்கல் நிறத்தில் பெயிண்ட்.

"பரவால்ல," என்றான். "பெருநாளைக்கு மருதாணி வைக்க வீட்ல யாருக்கும் நேரமில்லையேன்னு கவலையா இருந்திச்சு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கிற இடமும் அது இல்லை. பத்து நாளைக்கு முன்னால் இதே கரையிலிருந்து காலையில் புறப்பட்ட படகு நீர்த்தேக்கத்தின் நடுவில் மூழ்கிப்போனது. அக்கரைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போன பதினொரு பெண்களில் எட்டுப் பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மூன்று பேரை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் பிணமாகத்தான் கொண்டு போனார்கள். படகோட்டி சிவசாமி உயிரோடு வந்தான். குடித்துவிட்டுப் பாறையில் மோதிவிட்டான் என்று எழுதி அவனை ரிமாண்டில் போட்டிருந்தது போலீஸ்.

சிவசாமியின் மனைவி லோஜினி ஹட்டனுக்கு வந்து ஜீவராணியின் மாடி அறையில் உட்கார்ந்து அழுதது முந்தாநாள். "என் புருஷன் குடிக்கல மிஸ். அத மட்டும் நிரூபிச்சுக் குடுங்க" என்றாள். அதற்குத்தான் இந்த வருகை.

ஜீவராணிக்கு நாற்பத்தெட்டு வயது. பதினைந்து வருஷம் காப்புறுதிக் கம்பெனிக்காக எரிந்த கடையையும் உருண்ட லொறியையும் பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிற ஆளை இருமல் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற அளவுக்கு வந்துவிட்ட மனுஷி. இப்போது தனியாகத் துப்பு வேலை. ஸஃப்வான் அவளுடைய த்ரீவீலர் டிரைவர், எடுபிடி, மெய்க்காப்பாளன், எல்லாம். சம்பளம் மட்டும் டிரைவருக்குரியதுதான் என்று அவன் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவான்.

"இந்தப் படகை எப்ப எறக்குறாங்க அண்ணே?" என்று ஜீவராணி சோலைமலையிடம் கேட்டாள்.

"பத்து நாப்பதுக்கு நல்ல நேரம் மிஸ். அதுக்குள்ள இது காஞ்சிரும். காலம்பற ஆறு மணிக்கே கடைசிக் கோட்டு அடிச்சிட்டேன். இந்தா, முட்டுக்கட்ட இருந்த எடம் மட்டும் இப்பதான் கவுத்துப் போட்டு அடிச்சது. தம்பி கரெக்டா அதுல கைய வச்சிருச்சு."

மணி எட்டே முக்கால். நீர்த்தேக்கத்தின் மேல் பனி இன்னும் கிடந்தது. மேட்டில் கூடையும் இடுப்பில் கட்டிய படங்குத் துணியுமாகப் பதினான்கு பெண்கள் ஏற்கனவே வந்து குந்தியிருந்தார்கள். மூழ்கிய படகுக்குக் கூடப்பிறந்த படகு இது. இரண்டும் அலுமினியத் தகடு. இரண்டும் ஒரே லொறியில் வந்து, ஒரே நாளில் பெயிண்ட் அடிபட்டு, எட்டு மாதம் ஒரே தண்ணீரில் ஓடியவை. விபத்து நடந்த அன்றைக்கு இதையும் கரையேற்றிவிட்டார்கள். பத்து நாளாகப் பெண்கள் ரோட்டைச் சுற்றி ஏழு மைல் நடந்துதான் அக்கரை மலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எப்பிடி அடிப்பீங்க? சும்மா செவத்துக்கு அடிக்கிற மாதிரியா?"

சோலைமலைக்கு அது பிடிக்கவில்லை. "செவத்துக்கு அடிக்கிறதா? மொதல்ல பாசியச் சொரண்டணும் மிஸ். பொறவு ஈரத்தோட உப்புத்தாள் போடணும், தூசி மூச்சில போனா நெஞ்சு எரியும். கழுவிக் காய வச்சு, தண்ணி நிக்கிற கோட்டுல டேப் ஒட்டி, அதுக்குக் கீழ ரோலரால ரெண்டு கோட்டு. மூக்குப் பக்கம் தண்ணி அறையும், அங்க மூணு. முட்டுக்கட்ட மேல நிக்கிற எடத்த கடைசியாத் தள்ளி வச்சு அடிக்கணும். அவசரப்பட்டா அந்த எடத்துலதான் பாசி மொதல்ல குடி வரும்."

"எல்லாம் இந்த டின்னுல உள்ளதா?"

"ஆமா. தோட்டத்துத் தொர நீர்கொழும்புல இருந்து எடுப்பிச்சது. கடல்ல ஓடுற போட்டுக்கு அடிக்கிறது. பாசி, சிப்பி ஒண்ணும் ஒட்டாது."

"கலரு?"

"பாக்குறீங்கதானே. செவப்பு." சொல்லிவிட்டு ஒரு இருமல்.

ஜீவராணி குனிந்து டின்னின் மூடியைத் திருப்பினாள். விளிம்பில் காய்ந்து கிடந்த பெயிண்டை நகத்தால் சுரண்டினாள். நகத்துக்குள் வந்தது சாம்பல் நிறம். அதை அவள் சோலைமலையிடம் சொல்லவில்லை. டின்னில் ஒட்டியிருந்த தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

"மூழ்கின படகை இழுத்தவங்கள்ல நீங்களும் இருந்தீங்களாமே?"

"நானும் இன்னும் ஏழு பேரும். சின்னக் கொழந்தையத் தூக்குற மாதிரி தூக்கி வச்சோம் மிஸ். எங்க, தண்ணி வடிஞ்சாத்தானே. ரெண்டு மணித்தியாலம் சொட்டிக்கிட்டே இருந்திச்சு. கடைசியில வாளியால அள்ளிக் கொட்டினோம்."

"அதுக்குப் பொறவு?"

"அந்தி நேரம். விடிஞ்சு வந்து சீல் வைக்கிறோம்னு போலீஸ் போயிருச்சு. என்னயக் காவலுக்கு வச்சாங்க. பொம்பளைங்க வந்து படகச் சுத்தி ஒப்பாரி வச்சாங்க. அந்த நேரத்துல ஆம்பளைங்க பக்கத்துல நிக்கிற வழக்கம் இல்ல, நான் மேட்டுக்குப் போயிட்டேன். மத்தவங்க போன பொறகும் லோஜினி போகல. படகுக்குள்ளயே விழுந்து அடிச்சுக்கிட்டு அழுதா. அக்கரைக்கே கேட்டிருக்கும். எட்டிப் பாக்கவும் மனசு வரல."

சீல் வைத்திருந்த படகு நூறடி தள்ளி ஒரு சவுக்கு மரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. கயிற்று முடிச்சில் கடுதாசியால் ஒரு சீல். காவலுக்கு வைத்த கான்ஸ்டபிள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். தார்ப்பாயின் ஓரத்தை ஸஃப்வான் தூக்கிப் பிடிக்க, ஜீவராணி டோர்ச்சோடு தலையை உள்ளே விட்டாள். ஸஃப்வானும் விட்டான். அடைபட்டுக் கிடந்த ஈரம் நாறியது.

பின்பக்கத்தில் அடித்தகட்டில் ஒரு ஓட்டை. ஜீவராணியின் கை அதற்குள் தாராளமாகப் போய் வந்தது. கிழிந்த தகட்டின் விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.

ஸஃப்வான் அதைப் பார்த்தான். "மிஸ், பாறை வெளியிலிருந்துதானே குத்தணும்? இங்க என்னடான்னா பாறை படகுக்குள்ள ஏறி உக்காந்து வெளிய குத்தியிருக்கு. டிக்கட் எடுத்துச்சா இல்லையான்னு சிவசாமிகிட்ட கேக்கணும்."

"அது மட்டுமில்ல. உன் வீட்டுத் தண்ணித் தொட்டியில இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தா எவ்வளவு நேரத்துல காலியாகும்?"

"அஞ்சு நிமிஷம். என் பொண்டாட்டி கத்துறது ரெண்டு மணித்தியாலம்."

"இந்தப் படகு வடிய ரெண்டு மணித்தியாலம் ஆச்சுன்னு இழுத்தவரே சொல்றாரு. அப்ப தண்ணி வடியிற நேரத்துல இந்த ஓட்டை இல்ல. பொறவு வந்திருக்கு."

ஸஃப்வான் ஓட்டையைத் திரும்பப் பார்த்தான். "அப்பிடின்னா படகு எதால மூழ்கிச்சு?"

ஜீவராணி அவனிடம் த்ரீவீலர் சாவியை வாங்கி, தகடும் தகடும் சேருகிற இடத்தில் வரிசையாக அடித்திருந்த ஆணித் தலை ஒன்றை நெருடினாள். அது அப்பளம்போல் நொறுங்கி வெள்ளை மாவாக உதிர்ந்தது. பக்கத்து ஆணி. அதுவும் மாவு. அந்த வரிசையில் பத்தில் ஏழு இப்படித்தான்.

எழுந்து புதுப் பெயிண்ட் பளபளத்த படகிடம் திரும்பிப் போனாள். சோலைமலை மேட்டில் யாரிடமோ பீடி வாங்கிக்கொண்டிருந்தார். ஜீவராணி படகின் அடிப்பக்கம் காய்ந்திருந்த இடமாகப் பார்த்துச் சாவியால் அழுத்தினாள். சிவப்புத் தோலுக்குக் கீழே ஆணித் தலை மாவாகப் போனது.

"யா அல்லாஹ்," என்றான் ஸஃப்வான். "இதுலயா பதினாலு பேர ஏத்தப் போறாங்க? இப்பவே நிறுத்துவோம் மிஸ்!"

"எப்பிடி? ஹட்டன்ல இருந்து வந்த ஒரு பொம்பளை சாவியால குத்திப் பாத்து வேணாங்குறான்னா தொர கேப்பாரா? ரெண்டு ஆணிய மாத்திட்டு நாளைக்கு எறக்குவாங்க. ஏன் இப்பிடி ஆச்சுன்னு காரணத்தோட வந்து நிறுத்தணும். ஒன்றரை மணித்தியாலம் இருக்கு."

"காரணம் கெடைக்கலன்னா?"

"உன் த்ரீவீலர படகுக்கு முன்னால கொண்டு வந்து நிறுத்து."

"லீசிங் கட்டி முடியல மிஸ்," என்று முனகிக்கொண்டே அவன் வண்டியைக் கிளப்பினான்.

போகிற வழியில் அவள் விளக்கினாள். டின்னில் வந்தது சாம்பல் நிறம். படகில் இருப்பது சிவப்பு. நடுவில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். தோட்டத்தில் பெயிண்ட், உரம், மருந்து எல்லாம் ஒரே ஸ்டோரில்தான் இருக்கும். அங்கே சாவி வைத்திருப்பவர் பிரதாப் என்ற ஸ்டோர் கீப்பர்.

"முடிஞ்சிச்சு கதை," என்றான் ஸஃப்வான். "நல்ல பெயிண்ட அந்த ஆளு வெளிய வித்துட்டு, மட்டமான பெயிண்ட அந்த டின்னுல ஊத்திக் குடுத்திருக்கான். படகு மூழ்கினதும் பயந்து போய் ஓட்டைய அவனே போட்டிருக்கான். மிஸ், நீங்க இறங்கவே வேணாம். நானே போய்ப் பிடிச்சிட்டு வாறேன்."

பிரதாப் ஒல்லியான மனிதர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்டோர் வாசலில் அவர்களைக் கண்டதும் முகம் வெளுத்துப்போனது. ஸஃப்வான் ஒரு தடவை தலையாட்டிக்கொண்டான், பார்த்தீங்களா என்கிற மாதிரி.

உள்ளே மூட்டை மூட்டையாக உரம். ஒரு மூலையில் கட்டு அவிழ்ந்த பை ஒன்று. அதன் வாயோரம் சிந்தியிருந்த பொடியைப் பார்த்த ஜீவராணி ஸஃப்வானின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை அதன் பக்கத்தில் விரித்தாள். இரண்டும் ஒரே செங்கல் நிறம்.

"இது என்ன பிரதாப்?"

"செம்பு மருந்து மிஸ். மழைக் காலத்துல கொழுந்துல கொப்புளம் வரும். அதுக்கு அடிக்கிறது."

"இது எப்பிடிப் படகுக்குப் போச்சு?"

"நான் விக்கல மிஸ்! புள்ளைங்க மேல சத்தியமா ஒரு கிராம் விக்கல!"

"வித்தீங்கன்னு நான் சொல்லல. காலையில மருந்து அடிக்கிற ஆளுங்களுக்கு நீங்க அளந்து குடுக்குறீங்க. பொறவு?"

"பின்னேரம் மிச்சத்தத் திருப்பித் தரணும். எல்லாரும் தருவாங்க." பிரதாப் வாசலைப் பார்த்தார். "ஒருத்தரு மட்டும் மிச்சமே இல்லைம்பாரு. எனக்குத் தெரியும், துணியில முடிஞ்சு கொண்டு போறாருன்னு. கண்டும் காணாம விட்டேன். நல்ல மனுஷன் மிஸ், யாருக்கும் கெட்டது நெனைக்காத ஆளு."

"பேரு?"

பிரதாப் கட்டு அவிழ்ந்த பையின் வாயைச் சுருட்டி மூடினார்.

"காலையும் பின்னேரமும் வேற வேலை பாத்துட்டு, நடுவுல மருந்து அடிக்கப் போற ஆளு. அதானே?" என்றாள் ஜீவராணி.

பிரதாப் கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "சிவசாமி அண்ணன்."

ஸஃப்வானுக்கு வாயில் இருந்த பாக்கு தொண்டைக்குள் போய்விட்டது. யாரைக் காப்பாற்றுவதற்காக வந்தார்களோ அந்த ஆளின் பெயர்.

"சாம்பல் பெயிண்டு அடிச்சும் பாசி புடிக்குதுன்னு பொலம்புவாரு," என்றார் பிரதாப். "படகு கனத்துப் போயி அக்கரை சேர முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகுதாம். ஏழு மணிப் பெரட்டுக்குப் பேரு கூப்பிடுற நேரம் பொம்பளைங்க போய்ச் சேர முடியல. அஞ்சு நிமிஷம் பிந்தினா அரைப் பேர்தான் போடுவாங்க, அரைநாள் சம்பளம் போச்சு. ஒரு நாள் என்கிட்ட கேட்டாரு. எலையில பூஞ்சணத்தக் கொல்ற மருந்து படகுல பாசியக் கொல்லாதான்னு. கொல்லும்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன் மிஸ். பெயிண்டுல கலந்து அடிச்சாரு. பாசி ஒண்ணும் ஒட்டலதான். படகு பறந்திச்சு. மத்தப் படகுக்கு அடிக்கச் சோலைமலைக்கும் அவருதான் மருந்து குடுத்துக் கலக்கக் காட்டினாரு. திருட்டு மருந்துங்கிறதால அந்த ஆளு வெளிய சொல்ல மாட்டாரு."

ஜீவராணி கைபேசியை எடுத்து டின்னில் ஒட்டியிருந்த தாளின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். இங்கிலீஷிலும் சிங்களத்திலும் சிவப்புக் கட்டம் போட்டு எழுதியிருந்தது: அலுமினியத்துக்கு மட்டும். செம்பு சேராதது. செம்பு கலந்த எதுவும் அலுமினியத்தில் பட்டால் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

"மூணாவதா தமிழ்ல ஒரு வரி போட்டிருந்தா மூணு உசுரு இருந்திருக்கும்," என்றாள்.

"எனக்கு எல மட்டும்தான் தெரியும் மிஸ்," என்று பிரதாப் அழ ஆரம்பித்தார். "தகரம் தெரியாது."

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் ஸஃப்வான் கேட்டான். "ஆணி விஷயம் சரி. ஓட்டைய யாரு போட்டது? சிவசாமிய அன்னிக்கு மத்தியானமே போலீஸ் கொண்டு போயிருச்சே."

"அந்தியில படகுகிட்ட தனியா இருந்தது யாரு?"

ஸஃப்வான் யோசித்தான். யோசித்ததும் வண்டியை ரோட்டு நடுவில் நிறுத்தினான். "சீ, இருக்காது மிஸ். அந்தப் புள்ள அழுதுச்சு. அக்கரைக்கே கேட்டிச்சாம்."

"லயத்துக்கு விடு, லோஜினி வீட்டுக்கு."

லோஜினி குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பத்து நாளில் ஆளே பாதியாகியிருந்தாள். செத்தவர்களின் சொந்தக்காரர்கள் இரண்டு முறை வாசலில் நின்று திட்டிவிட்டுப் போனதில் வெளியே வருவதையே விட்டுவிட்டாள். ஜீவராணியைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"குடிக்கலன்னு நிரூபிச்சிட்டீங்களா மிஸ்?"

"நிரூபிச்சிட்டேன். படகு பாறையில மோதவே இல்ல. ஆணி அரிச்சுப் போயி மூழ்கியிருக்கு. ஓட்டை பொறவு போட்டது." ஜீவராணி உட்கார்ந்தாள். "எதால அடிச்சீங்க லோஜினி?"

அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. ஸஃப்வான்தான் போய் விறகை இழுத்தான்.

"கல்லால," என்றாள் கடைசியில். "பொம்பளைங்க எல்லாம் போன பொறகு. நெஞ்சுல ஒரு அடி, தகரத்துல ஒரு அடி. சத்தம் வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு கத்திக் கத்தி அழுதேன். ஆனா அழுதது பொய்யில்ல மிஸ். அந்த மூணு பேரும் என்கூட வேலை செஞ்சவங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், மருந்துதான்னு?"

"போலீஸ் ஏத்துறதுக்கு முன்னால அவரே சொன்னாரு. 'காலுக்குக் கீழ ஆணியெல்லாம் மாவா உதிர்ந்திச்சு லோஜினி, நான் போட்ட மருந்துதான் தின்னிருச்சு, நான் கொன்னுட்டேன்'னாரு. வாயத் தொறக்காதீங்கன்னு கால்ல விழுந்தேன். பனியில பாறை இடிச்சிச்சுன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சாமி செயல்னு விட்ருவாங்கன்னு நெனச்சேன்."

"பன்னெண்டு வருஷமா தெரிஞ்ச பாறையில குடிக்காதவன் மோத மாட்டான்னு போலீஸ் எழுதிட்டாங்க."

"நான்தான் அவர உள்ள தள்ளினேன்னு அப்பத்தான் வெளங்கிச்சு." லோஜினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன். குடிக்கலங்கிறது மட்டும் தெரிஞ்சாப் போதும். மருந்து விஷயம் வேணாம் மிஸ். உங்களக் கும்புடுறேன். மூணு பேரக் கொன்னவன்னு அவர இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் பாக்கக்கூடாது."

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வருது லோஜினி. பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியல," என்றாள் ஜீவராணி. "அதவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. இன்னும் அரை மணித்தியாலத்துல மத்தப் படகை எறக்குறாங்க."

"எறக்கட்டும். அது தொர வாங்கின பெயிண்டுதானே? இவரு மருந்து போட்டது அவரு படகுக்குத்தானே, இத அடிக்கயில இவருதான் உள்ள இருக்காரே?"

ஸஃப்வான் கையை விரித்துக் காட்டினான்.

லோஜினி அந்தச் சிவப்பைப் பார்த்தாள். சிவசாமி ராத்திரி ராத்திரியாகக் குளித்தும் நகக்கண்ணை விட்டுப் போகாத சிவப்பு.

"யாரு கலந்தது?"

"சோலைமலை. உங்க வீட்டுக்காரர்கிட்ட பழகின வேலை," என்றாள் ஜீவராணி. "கீழ இருக்கிற ஆணியெல்லாம் ஏற்கனவே போயிருச்சு. நான் பாத்துட்டுத்தான் வாறேன். நான் போய்ச் சொல்லி நிறுத்துவேன், அதுல மாத்தமில்ல. ஆனா என் வாயால வந்தா அது உங்க புருஷனப் பத்தி வெளியாள் சொன்ன குத்தம். அவரு ஏன் செஞ்சாருன்னு எனக்கு முழுசாத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

லோஜினி செருப்புக்கூடப் போடவில்லை. ஈரக் கையோடு வாசலைத் தாண்டி, தேயிலைக்கு நடுவில் இறங்குகிற குறுக்குப் பாதையில் ஓடினாள். வண்டியை எடுத்துச் சுற்றி வருவதைவிட அதுதான் கிட்ட. ஜீவராணியும் பின்னாலேயே ஓடினாள். ஸஃப்வான் இரண்டு தரம் வழுக்கி விழுந்தான், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கரையில் படகை நிமிர்த்தி உருளைக் கட்டைகளின் மேல் ஏற்றியிருந்தார்கள். மூக்கில் சந்தனமும் குங்குமமும் பூசியிருந்தது. சோலைமலை சூடம் கொளுத்தித் தேங்காயைக் கையில் எடுத்துவிட்டார். முதலில் ஏறுவதற்காக வீரம்மா படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பத்தைந்து வயது. செத்துப்போன மூன்று பேரில் இளையவளான பிரேமினி அவளுடைய மகள்; அன்றைக்கு உயிரோடு கரை சேர்ந்த எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. மகள் போன அதே தண்ணீரில் மறுபடியும் ஏறுவதற்கு அவளுக்கு என்ன ஆசையா? இன்றைக்குப் படகில் வருகிறவர்களுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் முழுப் பேர் என்று தொரை சொல்லியனுப்பியிருந்தார். நடந்து போகிறவர்களுக்கு வழக்கம்போலத்தான்.

"அவ எதுக்கு இங்க வாறா?" என்று யாரோ கத்தினார்கள்.

லோஜினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஒருத்தி அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். அவள் நிற்கவில்லை. படகின் பக்கத்தில் மண்டியிட்டு, அடிவரிசை ஆணி ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது நொறுங்கி வெள்ளையாக உதிர்ந்தது. அடுத்ததையும் அழுத்தினாள். சோலைமலையின் கையிலிருந்த தேங்காய் அப்படியே நின்றது.

"ஏறாதீங்க," என்றாள். "ஒருத்தரும் ஏறாதீங்க. பாறை இல்ல. அந்தப் படகும் இப்பிடித்தான் போச்சு. ஓட்டைய நான்தான் கல்லால போட்டேன். என் புருஷன் கொழுந்து மருந்தப் பெயிண்டுல கலந்தாரு. அது ஆணியத் தின்னுருச்சு. அவருக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

சூடம் எரிந்து முடிந்தது. சோலைமலை தேங்காயை மெல்ல மண்ணில் வைத்துவிட்டு, சிவப்பேறிய தன் இரண்டு கைகளையும் பார்த்தபடி நின்றார்.

வீரம்மா படகிலிருந்து கையை எடுத்தாள். "எதுக்குடி கலந்தான்?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி.

"நீங்க பெரட்டுக்கு நேரத்துக்குப் போகணும்னு பெரியம்மா. பாசி புடிச்சு படகு ஓடல. உங்களுக்கெல்லாம் தெனம் அரைப் பேர் விழுது, பாத்துக்கிட்டு இருக்க முடியலன்னாரு."

வீரம்மா தண்ணீரின் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தொட வந்தாள். வீரம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எம் மவதான் கேட்டா," என்றாள். "'அண்ணே, இன்னும் கொஞ்சம் வேகமாப் போக ஏலாதா'ன்னு. தெனம் கேப்பா. நானும் பக்கத்துல உக்காந்து, 'ஆமா சிவசாமி, பாத்துச் செய்யி'ன்னேன்."

லோஜினி அவள் காலடியில் விழப்போனாள். வீரம்மா பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"விழாத. அவன் குடிச்சிருக்கல. அன்னிக்கு எம் பக்கத்துலதான் நின்னான், எனக்குத் தெரியும். எதுக்காகக் கலந்தான்னும் தெரியும். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்றேன்." அவள் குனிந்து தன் கூடையை எடுத்தாள். "ஆனா வெளிய வந்ததும் எம் மொகத்துக்கு முன்னால மட்டும் வர வேணாம்னு சொல்லிரு. என்னால ஏலாது."

அவள் இடுப்புப் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி, ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கூடையை எடுத்தார்கள். அக்கரை மலைக்கு ஏழு மைல். எவ்வளவு வேகமாக நடந்தாலும் அன்றைக்கு எல்லோருக்கும் அரைப் பேர்தான்.